புர்ராட்டாவின் இலையும் பால்கோவாவின் பெட்டியும்

விருதுநகரில் ஏதாவது ஒரு பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்து "புர்ராட்டா இருக்கா?" என்று கேட்டால், சர்வர் ஒரு நொடி கூட யோசிக்காமல் எண்ணெயில் பொரித்த பரோட்டா நாலை இலையில் போட்டு, சால்னாவை ஊற்றிவிட்டுப் போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை. பெயர் அப்படி இருக்கிறது. ஆனால் புர்ராட்டா என்பது பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி கூடக் கிடையாது. அது இத்தாலிக்காரர்கள் செய்யும் ஒரு பாலாடைக்கட்டி. பேச்சு வழக்கில் சொன்னால் சீஸ்.

இத்தாலி நாட்டு வரைபடம் ஒரு பூட்ஸ் காலணி மாதிரி இருக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தப் பூட்ஸின் குதிகால் பக்கம் இருக்கும் மாநிலம் புலியா. அங்கே ஆந்திரியா என்று ஓர் ஊர் இருக்கிறது. (ஆந்திராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) புர்ராட்டாவின் சொந்த ஊர் அதுதான். இத்தாலிய மொழியில் 'புர்ரோ' என்றால் வெண்ணெய். வெண்ணெய் போன்றது என்ற பொருளில் புர்ராட்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பார்ப்பதற்குச் சுருக்குப்பை மாதிரி இருக்கும். பாட்டிமார் இடுப்பில் செருகி வைத்திருக்கும் அதே சுருக்குப்பை, ஆனால் பால் வெள்ளையில், வழவழவென்று. மேலே ஒரு முடிச்சு. தொட்டால் மெத்தென்று அமுங்கும். கத்தியை வைத்து ஒரு கீறல் போட்டால் உள்ளேயிருந்து கெட்டியான பாலேடு வழிந்து தட்டில் ஓடும். அந்தப் பாலேட்டுக்கு நடுவே சின்னச் சின்ன நார்களாகக் கிழித்துப்போட்ட பாலாடைக்கட்டி கிடக்கும். வெளியே பை, உள்ளே பாலேட்டில் ஊறிய நார். அவ்வளவுதான் புர்ராட்டா.

செய்முறை கேட்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம். பசும்பாலில் உறைபொருளைச் சேர்த்துத் திரள வைக்கிறார்கள். திரண்ட கட்டியைப் புளிக்க விடுகிறார்கள். புளிப்பு ஓர் அளவுக்கு ஏறியதும் பால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி விலகிவிடுகிறது. அதன் பிறகு கொதிக்கும் நிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற வெந்நீரை ஊற்றிப் பிசைந்தால் அந்தக் கட்டி ரப்பர் மாதிரி இழுபட ஆரம்பிக்கும். பீட்சாவின் மேல் நூல் நூலாக இழுபடும் மொஸரெல்லா இருக்கிறதே, அதுவும் இதே முறையில் செய்ததுதான். இழுத்ததில் ஒரு பங்கைக் கையால் நாராகப் பிய்த்துப் பாலேட்டில் கலக்கிறார்கள். இதற்கு 'ஸ்ட்ராச்சியாத்தெல்லா' என்று பெயர். கந்தல் துணி என்ற அர்த்தத்தில் வந்த பெயராம். இன்னொரு பங்கைச் சூட்டோடு சூடாகப் பை போல விரித்து, கந்தலை உள்ளே வைத்து, வாயைத் திருகி முடிச்சுப் போட்டுக் குளிர்ந்த நீரில் விட்டுவிடுகிறார்கள். சூடு ஆறிவிட்டால் பை விரியாது, கிழிந்துவிடும். சூடு அதிகமானால் கை வெந்துவிடும். பரோட்டா மாஸ்டரின் கைக்கு இருக்கிற பழக்கம் மாதிரி ஒரு பழக்கம் இந்தக் கைக்கும் வேண்டும்.

ருசி? புளிப்பு குறைவு, உப்பு குறைவு, காரம் சுத்தமாகக் கிடையாது. பாலின் ருசிதான் ருசி. காய்ச்சிய பாலில் படியும் ஆடையை யாருக்கும் தெரியாமல் வழித்துத் தின்றவர்களுக்கு அந்த ருசி பாதி தெரியும். அங்கே அதை ரொட்டி, தக்காளி, ஆலிவ் எண்ணெய் இவற்றோடு சாப்பிடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே சாப்பிடக் கூடாது, கொஞ்ச நேரம் வெளியில் வைத்த பிறகுதான் உள்ளே இருப்பது ஒழுங்காக இளகும் என்கிறார்கள்.

இதில் முக்கியமான விஷயம் ஆயுள். செய்த அன்றைக்கே சாப்பிட்டால் உத்தமம். மறுநாள் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பை தடித்துப்போகும், உள்ளே புளிப்பு ஏறும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார்கள். அஸ்போடெல் என்ற ஒரு காட்டுச் செடியின் நீளமான பச்சை இலையில் புர்ராட்டாவைப் பொதிந்து கொடுப்பார்கள். இலை பச்சையாக இருந்தால் சரக்கு புதுசு. இலை வாடிவிட்டால் சரக்கும் வாடிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற காலாவதித் தேதி! கடைக்காரர் என்ன சொன்னாலும் இலை பொய் சொல்லாது.

இப்போது பல இடங்களில் அந்த இலைக்குப் பதிலாகப் பச்சை நிற பிளாஸ்டிக் இலையைச் சுற்றுகிறார்கள் அல்லது வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் இலை என்றைக்கும் வாடாது. பார்ப்பதற்கு அழகு, சொல்வதற்கு ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வந்த விஷயத்துக்கு இந்த பிளாஸ்டிக் இலை பிறகு தேவைப்படும். அதற்கு முன் புர்ராட்டா எப்படிப் பிறந்தது என்பதையும் பார்த்துவிடலாம்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆந்திரியாவுக்கு அருகே ஒரு பண்ணையில் லொரென்சோ பியான்கீனோ என்பவர் இதை முதலில் செய்தார் என்பது ஊர் வழக்கு. கடும் பனி பெய்து பாதை அடைத்துக்கொண்டதாம். கறந்த பாலை ஊருக்குள் கொண்டுபோக முடியவில்லை. பாலேட்டையும் வீணாக்க மனமில்லை, மொஸரெல்லா செய்து மிஞ்சிய துண்டுகளையும் எறிய மனமில்லை. மிஞ்சியதைப் பாலேட்டில் போட்டு, பாலாடைக்கட்டியிலேயே ஒரு பை செய்து அதற்குள் அடைத்துவிட்டார். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் துணை விளைபொருள், கழிவு, மீள் வருமானம் என்றெல்லாம் நான்கு பக்கத்துக்கு வரும். பியான்கீனோ அந்தப் பாடத்தைப் படிக்காமலே பாஸ் செய்தவர். எறிய வேண்டிய துண்டுக்கு இன்று அசல் மொஸரெல்லாவைவிட அதிக விலை!

அங்கே பனி. இங்கே வெயில். பிரச்சினை ஒன்றுதான்: கறந்த பால் காத்திருக்காது.

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியைச் சுற்றிய பகுதி மானாவாரி, வறட்சி, கந்தக பூமி. மழை குறைவாக இருப்பதால்தான் பட்டாசும் தீப்பெட்டியும் அங்கே தொழிலாக நின்றன. அதே மாவட்டத்தில் மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் வந்துவிடுகிறது. கண்மாய், தோப்பு, புல், மாடு. மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று மலையை ஒட்டிய ஊர்களில் விவசாயத்தோடு மாடு வளர்ப்பதும் உண்டு. பால் அதிகம், வெயிலும் அதிகம். குளிர்பதனம் வராத காலத்தில் அவ்வளவு பாலை என்ன செய்வது?

இத்தாலிக்காரர்கள் பாலைத் திரிய வைத்தார்கள். அந்த வழி இங்கே வரவில்லை. பழைய முறையில் உறைபொருள் என்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. (இந்தியாவில் இன்று செய்யும் சீஸ்களுக்குப் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் சைவ உறைபொருள்தான்.) தவிரவும், தமிழ் வீடுகளில் பால் திரிந்துபோனால் அது அபசகுனம். புதுமனை புகுவிழாவில் பால் காய்ச்சும்போது திரிந்துவிட்டால் வீட்டுக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஆகவே இங்கே பாலைத் திரிய விடாமல் தண்ணீரை மட்டும் துரத்துகிற வழியைப் பிடித்தார்கள். அதுதான் திரட்டுப்பால், அதுதான் பால்கோவா.

ஆண்டாள் பிறந்த ஊருக்கும் பாலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. வெண்ணெய் திருடிய கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடிய பெரியாழ்வாரின் ஊர். மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லி அன்று, பாலும் நெய்யுமாக அக்காரவடிசில் செய்வது திருப்பாவையை ஒட்டி வந்த வழக்கம். ஆனால் பால்கோவா கடைத்தெருவுச் சரக்காக ஆனது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்குப் புராணம் தேடுவது அநாவசியம். புர்ராட்டாவுக்கும் வயது ஏறக்குறைய அவ்வளவுதான். 'பாரம்பரியம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஆயிரம் வருஷம் பின்னால் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பெரிய இரும்புச் சட்டி, கீழே விறகு, சில இடங்களில் முந்திரிக்கொட்டைத் தோடு. பசும்பாலை ஊற்றி, கொதி வந்ததும் சர்க்கரையைப் போட்டு, நீளமான துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நிமிஷம் கை ஓய்ந்தாலும் அடி பிடித்துவிடும். அடி பிடித்தால் அந்த ஈடு முழுவதும் தீய்ந்த வாசனை. தீ கொஞ்சம் தணிந்தால் நேரம் ஆகி நிறம் மாறிவிடும். பத்து லிட்டர் பாலுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ சர்க்கரை, கிடைப்பது மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மற்றதெல்லாம் ஆவி. சர்க்கரையும் பால் புரதமும் சூட்டில் கூடி இளம் பழுப்பு நிறமும் ஒரு மணமும் வரும். இறக்கும்போது கொழகொழவென்று இருப்பது ஆற ஆற மணல் மணலாக நிற்கும். நல்ல பால்கோவாவை நாக்கில் வைத்தால் முதலில் பால் தெரிய வேண்டும், இனிப்பு பிறகு வர வேண்டும். முதலிலேயே இனிப்பு வந்து மோதினால் அது பால்கோவா அல்ல, பால் வாசனை போட்ட சர்க்கரை.

புர்ராட்டா தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டுகிறது, பால்கோவா தண்ணீரை வெளியே அனுப்புகிறது. அது குளிர்ந்த நீரில் முடிகிறது, இது நெருப்பில் முடிகிறது. ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டுமே அன்றன்றைக்குச் செய்து, அடுத்த சில நாட்களுக்குள் தின்று தீர்க்க வேண்டிய பண்டம். பால்கோவாவுக்குக் கொஞ்சம் ஆயுள் கூட, அவ்வளவே. வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிடுகிற பொருள் அல்ல. இரண்டிலும் கடைக்காரர் விற்பது பாலை மட்டும் அல்ல, 'இன்று செய்தது' என்ற உறுதியையும் சேர்த்துத்தான் விற்கிறார். இந்த உறுதியை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சட்டம் காப்பாற்றும் என்று ஒரு பதில் உண்டு. 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் 'ஆந்திரியா புர்ராட்டா' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. 2019ஆம் ஆண்டு 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த ஆண்டே பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் கிடைத்தது. செய்தித்தாள்களில் படம் போட்டார்கள், ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இரண்டு குறியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தோஷம் கொஞ்சம் குறைகிறது.

முதலாவது, பாதுகாக்கப்பட்டது எது என்பது. 'புர்ராட்டா' என்ற சொல்லுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் சட்டம் வரும். ஆகவே உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் புர்ராட்டா செய்யலாம், செய்கிறார்கள். மும்பையில் செய்கிறார்கள், பெங்களூருவில் செய்கிறார்கள். தப்பொன்றும் இல்லை. அதே மாதிரி 'பால்கோவா' என்ற சொல் யாருக்கும் சொந்தமில்லை. மதுரையில் செய்து மதுரைப் பால்கோவா என்று விற்றால் யாரும் கேட்க முடியாது. எங்கோ செய்து 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று அட்டையில் போட்டால்தான் குற்றம்.

இரண்டாவது, சோதிப்பது யார் என்பது. ஐரோப்பாவில் அந்தப் பெயரைப் போட்டு விற்க வேண்டுமானால், செய்முறை விதிப்படி நடக்கிறதா என்று தனியான ஒரு கண்காணிப்பு அமைப்பு பார்க்க வேண்டும். இந்தியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தில் ஆய்வு ஏற்பாடு பற்றியும் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் விதியின் வாசகம், 'அப்படி ஏதேனும் இருந்தால்' என்ற தோரணையில் இருக்கிறது. அந்த 'இருந்தால்' என்ற ஒரு சொல்லில் எத்தனை பெட்டி பால்கோவா நுழைந்து போகலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயரைத் தவறாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் புகார் கொடுக்க ஆள் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக நூறு ரூபாய்க்குப் பெட்டி வாங்கியவர், ஊருக்குப் போய்த் தின்று பார்த்துவிட்டு "என்னப்பா மாவு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார். போலீஸுக்கா போவார்? அவர் செய்யக்கூடிய ஒரே காரியம், அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்ற பெயரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவது. அந்தப் பிதுக்கலில் நஷ்டம் போலிக்காரருக்கு இல்லை. விடியற்காலையில் பால் வாங்கி, சட்டி முன்னால் நின்று வெந்து, ஒழுங்காகப் போடுகிறவருக்குத்தான் நஷ்டம். அவருக்குப் பால் ஊற்றும் வீட்டில் இரண்டு மாடு வைத்திருக்கிற அம்மாவுக்கும் நஷ்டம்.

ஏன் மாவு போல ஆகிறது என்பதற்கு ரகசியம் எதுவும் இல்லை, கணக்குதான். பால் லிட்டர் 40 ரூபாய், சர்க்கரை கிலோ 45 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். பத்து லிட்டர் பால் 400, ஒன்றேகால் கிலோ சர்க்கரை 56. மொத்தம் 456. கிடைப்பது மூன்றேகால் கிலோ என்றால் மூலப்பொருள் செலவு மட்டும் கிலோவுக்கு 140 ரூபாய். சர்க்கரையை இரண்டு மடங்காக்கினால்? செலவு 512, கிடைப்பது நாலரைக் கிலோ, கிலோவுக்கு 114 ரூபாய். வேறு எந்தக் கலப்படமும் செய்யாமல், வெறும் சர்க்கரையை வைத்தே கிலோவுக்கு 26 ரூபாய் மிச்சம். விறகும் கூலியும் கூடக் குறையும். மைதாவும் பால் பவுடரும் உள்ளே வந்தால் இன்னும் மிச்சம். போதாததற்குச் சர்க்கரை கூடினால் சரக்கு சீக்கிரம் கெடாது. அதாவது மட்டமான சரக்குக்கு ஆயுள் அதிகம், நல்ல சரக்குக்கு ஆயுள் குறைவு. இதுதான் இந்தத் தொழிலின் சாபம். தேதி இல்லாத சந்தையில் மட்டமானது நல்லதைத் தள்ளிவிட்டு நிற்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

அடைத்து விற்கும் பெட்டியில் தயாரித்த தேதி போட வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கவேண்டும் என 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அது கொடுத்த வழிகாட்டுப் பட்டியலில் கலாகண்டை அன்றைக்கே, பால் இனிப்புகளையும் வங்காள இனிப்புகளையும் இரண்டு நாளில், கோவா இனிப்புகளை நான்கு நாளில் சாப்பிடச் சொல்லியிருந்தது. செய்த தேதியை எழுதுவது மட்டும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். எது முக்கியமோ அதை விருப்பத்துக்கு விட்டாயிற்று. எத்தனை தட்டுகளில் அந்தச் சீட்டு இருக்கிறது என்பதை வாசகர்களே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"அண்ணாச்சி, இது எப்ப போட்டது?"

"இன்னைக்குப் போட்டதுதான் தம்பி, கையை வச்சுப் பாரு, சூடா இருக்கும்."

மேலே எரியும் குண்டு பல்பின் சூட்டில் எது வைத்தாலும் சூடாகத்தான் இருக்கும்! பிளாஸ்டிக் இலை என்றது இதைத்தான். கோபுரம் போட்ட பெட்டி, 'ஒரிஜினல்' என்ற சிவப்பு எழுத்து, பசு மாட்டின் படம், இப்போது கூடவே புவிசார் குறியீடு என்ற வார்த்தை. எல்லாம் பச்சையாக இருக்கின்றன, எதுவும் வாடுவதில்லை. உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்வதில்லை.

இதற்கு மாற்றுக் கருத்து ஒன்று இருக்கிறது, அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆயுளைக் கூட்டினால்தான் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். காற்றில்லாத பொதியில் அடைத்தால் வெளிநாடு வரை போகலாம், ஆன்லைனில் விற்கலாம், சிங்கப்பூரில் இருக்கும் விருதுநகர்க்காரர் வீட்டுக்கே அனுப்பலாம் என்கிறார்கள். சின்னக் கடைக்காரரைத் தேதி போடச் சொன்னால் மிஞ்சியதை யார் தலையில் கட்டுவார், அவர் பிழைக்க வேண்டாமா என்றும் கேட்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். உண்மையிலேயே தினமும் மிஞ்சும். புயல் மழை வந்தாலோ கூட்டம் குறைந்தாலோ சட்டியில் போட்ட பணம் போனதுதான். ஆனால் புர்ராட்டாவே மிஞ்சியதிலிருந்து பிறந்த பண்டம்தானே. நேற்றைய சரக்கு என்று எழுதி விலையைக் குறைத்து விற்றால் வாங்க ஆள் உண்டு. மாலையில் காய்கறிக்கடையில் கத்திரிக்காய் விலை இறங்குவதில்லையா? நேற்றைய கோவாவை இன்றைய கோவா என்று விற்பதுதான் கூடாது.

முதல் கேள்வியில் பாதி நியாயம்தான் இருக்கிறது. தூரத்துக்கு அனுப்புவதற்கென்று தனியாக, காய வைத்த, இனிப்புக் கூடிய ஒரு சரக்கு போடட்டும். அதற்கு வேறு பெயர் வைக்கட்டும். இத்தாலியிலும் வாரக்கணக்கில் தாங்குகிற ஆலைப் புர்ராட்டாக்கள் பெருங்கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் சாப்பாட்டுப் பிரியர்கள் விமானம் ஏறிப் புலியாவுக்குப் போவது அதைத் தின்பதற்கு அல்ல, காலையில் முடிச்சுப் போட்டதை மதியம் கீறுவதற்குத்தான். குறுகிய ஆயுளை அவர்கள் குறையாக நினைத்து மறைக்கவில்லை. இலையைச் சுற்றி எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்தார்கள். அதனாலேயே ஊருக்கு ஆள் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஆண்டாளைப் பார்க்க வருகிறார்கள், தீபாவளிக்கு முன்னால் சிவகாசிக்குப் பட்டாசு வாங்கக் காரில் வருகிறார்கள், குற்றாலச் சீசனுக்குப் போகிறவர்கள் வழியில் இறங்குகிறார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் மறுநாள் காலை சென்னை. நாலு நாள் ஆயுள் இருக்கிற பண்டத்துக்கு இது தாராளம்.

ஆக, செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று விஷயம் இருந்தால் போதும்: யார் போட்டது, என்றைக்கு இறக்கியது, எத்தனை லிட்டர் பாலுக்கு எவ்வளவு சர்க்கரை. மூன்றாவது சட்டத்தில் இல்லைதான். ஆனால் ஒழுங்காகப் போடுகிறவருக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. மற்றவர் அதை எழுதத் தயங்குவார், அந்தத் தயக்கமே போதும். குறியீட்டைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை ஊர் பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் பெரிய பலகையில் எழுதி வைக்கலாம். அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க முன்பு 500 ரூபாய் கட்டணம் இருந்தது. 2020இல் விதியைத் திருத்தி 10 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். ஒரு டீயின் விலை. காசு இல்லை என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது, படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை என்றுதான் சொல்ல முடியும். அந்த வேலையை குறியீட்டுக்காக முயற்சி எடுத்த பால் கூட்டுறவுக்காரர்களே செய்யலாம். மாவட்டத்தில் காமர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கும் குறைவில்லை. ப்ராஜெக்ட் என்று யாரோ எழுதியதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாகப் பத்துப் பேர் பத்துக் கடைக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் காரியம் ஆகிவிடும்.

அச்சடிக்கவும் தூரம் போக வேண்டியதில்லை. இந்தியாவில் எந்த ஊர்ப் பொருளுக்கும் லேபிள் அடிக்கிற சிவகாசி அடுத்த ஸ்டேஷன். மதுபாட்டிலில் ஒட்டுவதற்கும் மசாலாப் பொடியில் ஒட்டுவதற்கும் கூடக் கள்ளத்தனம் செய்ய முடியாத ஹாலோகிராம், எண் வரிசை எல்லாம் இன்று வந்துவிட்டன. பால்கோவாப் பெட்டிக்கு அவ்வளவு கூட வேண்டாம். தினமும் தேதியை மாற்றிக் குத்துகிற ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தேதி குத்தாத பெட்டியை அண்ணாச்சியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். சண்டை போட வேண்டாம். "தேதி போட்டது இருந்தா குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டால் போதும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு ஸ்டாம்ப் குத்தித்தான் கொடுப்பார்.

கடைசியாக ஒரு விஷயம், இது சாப்பாட்டு ராமன்களுக்கு மட்டும். வீட்டுக்கு வாங்கி வந்த பால்கோவாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இறுகிப்போகும், பால் வாசனையும் அமுங்கிவிடும். புர்ராட்டாவுக்குச் சொன்ன அதே வைத்தியம்தான் இதற்கும்: சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்து வெளியில் வைத்துவிட வேண்டும்.